ஆதம்பாவா காக்காவின் ஊரடங்குப் பாண்

என்னைக் கல்யாணக் கோட்டோடு வீடு வீடாகப் பாண் கொடுக்க வைத்த மனுசன் ஆதம்பாவா காக்கா. அவர் மூச்சிருக்கும்வரை இதை முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டுதான் இருந்தனான். இருபத்துநாலு வருசத்தில் ஒருநாள்கூடப் பிழை என்று ஒத்துக்கொண்டவரில்லை. "நாப்பத்துமூண்டு வீடு மனே. அதில எட்டை நீ ஏமாத்திட்டாய்" என்று குற்றத்தை என் தலையிலேயே திருப்பிக் கட்டுவார்.

ஊர் கிண்ணியா, அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். குட்டை, வயிறு ஒரு அடி முன்னால் நடக்கும். வெள்ளைக்காரனுடைய நேவிக் குசினியில், அவன் பிரெட் என்கிற பாணைச் சுடப் பழகினவர். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போக, எத்தனையோ பேர் வேலை போச்சென்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள். இவர் நேவி கழித்துவிட்ட வான் ஒன்றை வாங்கி, சந்தைக்குப் பின்னால் போறணை கட்டி, அந்த மாதமே பாண் சுட்டு இறக்கினார். வானுக்கு ஹோர்ன் வேலை செய்யாது. தலையை வெளியே நீட்டி "பாஆஆண்!" என்று கத்துவார். அதைக் கேட்டுத்தான் எங்கள் பக்கத்துப் பெண்டுகள் அடுப்பில் கேத்தல் வைக்கிறது.

ஒரு குறை, அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது.

ஐம்பத்தெட்டு மே மாதக் கடைசியில் நாடெல்லாம் சிங்கள-தமிழ் அடிபாடு. எங்கள் ஊரிலும் வீடு கொளுத்தினார்கள், ரோட்டில் ஆளை மறித்து அடித்தார்கள். ஆமி வந்தது, ஊரடங்கு வந்தது. வெளியில் தலை காட்டினால் சுடலாம் என்று உத்தரவு. எனக்கும் அருள்மலருக்கும் கல்யாணம் வைத்திருந்தது அந்தச் சனிக்கிழமை காலமை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு பெயின்ற் அடிக்கிற வேலை. அருள்மலரின் தகப்பன் டொமினிக் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். மகள் அழுது பிடித்த பிடியில்தான் மனுசன் எனக்கு ஓமென்றது. அவர்களுடைய வீட்டுக்குக் கல்லெறி விழுந்து, குடும்பத்தோடு வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தார்கள். நான் ஓர்ஸ் ஹில் குவார்ட்டஸில் அடைபட்டுக் கிடந்தனான்.

சனிக்கிழமை காலமை எட்டு மணிக்கு ஆதம்பாவா காக்கா வானைக் கொண்டுவந்து வாசலில் நிப்பாட்டினார்.

"மனே, கோயிலடிக்குப் பாண் குடுக்கக் கேட்டு பாதர் ஆள் விட்டவர். கதையும் ஒண்டு சொல்லி விட்டிருக்கார். டொமினிக் ஐயா பின்னேரம் மூண்டு மணிக்கு யாழ்ப்பாண லொறியில ஏறுறாராம், பொலிஸ் காவலோட. புள்ளையும் கூடப் போகுது."

"கல்யாணம்?"

"பன்னிரண்டுக்குள்ள நீ வந்தால் கல்யாணம். வராட்டி இல்லை எண்டுட்டாராம். ஊரடங்கில நீ எப்படி வாறதெண்டு அவருக்குத் தெரியாதோ!"

அந்தக் காலத்தில் மத்தியானம் தாண்டினால் பூசை வைக்க ஏலாது. பூசை இல்லையென்றால் தாலி இல்லை. அருள்மலர் யாழ்ப்பாணம் போனால் அங்கே ஒரு கிளாக்கர் மாப்பிள்ளை பிடிக்க அந்த மனுசனுக்கு ஒரு கிழமை காணும். நான் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்து வானில் ஏறினேன்.

"இறங்கு" என்றார் காக்கா.

"என்ன காக்கா?"

ஊரடங்குப் பாஸை எடுத்துக் காட்டினார். "இதில இருக்கிறது நானும் ஒரு கையாளும். என்ர கையாள் ஹிஸ்புல்லா மூதூரில மாட்டுப்பட்டுட்டான். நீ கையாளெண்டால் ஏறு. மாப்பிள்ளையெண்டால் வீட்டில இரு."

"நேரே கோயிலுக்கு விடுங்கோவன். ஆர் பார்க்கப்போறான்?"

"பாஸ் பாணுக்கு மனே. உனக்கில்ல."

ஏறினேன். வேறென்ன செய்கிறது?

ஓர்ஸ் ஹில்லில் இருந்து கோயிலுக்கு நடந்தாலே அரை மணித்தியாலம். அன்றைக்கு அது கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம் எடுத்தது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கைதிகள் கிடக்கிற மறியல், பிறகு வீடுகள். ஒவ்வொரு படலையிலும் நான் இறங்கவேண்டும், தட்டவேண்டும், பாணை நீட்டவேண்டும். இரண்டு நாளாக ஒன்றும் கிடைக்காமல் இருந்த சனம் என் கையைப் பார்த்ததே ஒழிய கோட்டைப் பார்க்கவில்லை. பார்த்ததுகள் சும்மா விட்டதுமில்லை.

"கிறிஸ்தோபர், எண்ணெய்த் தாங்கியை விட்டுட்டுப் பாண் யாவாரமோ? முதலாளி மாதிரி உடுப்பு!"

"அன்ரி, எனக்கு இண்டைக்குக் கல்யாணம்."

"அப்ப இன்னும் ஒரு றாத்தல் பாண் கூடத் தா."

இதற்குள் எனக்குப் பசி. நற்கருணை வாங்கவேண்டும், ஆகவே வெறும் வயிறு. பின்னால் இருநூறு பாண் சுடச்சுட மணக்கிறது. ஒரு இனிப்புப் பணிஸுக்குக் கை தானாகப் போனது. காக்கா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் படாரென்று கையில் அடித்தார்.

"நோன்பெண்டால் நோன்பு! முப்பது நாள் பிடிக்கிறவன் பக்கத்தில இருக்கிறன். ஒரு காலமை உனக்கு ஏலாதோ?"

மலையடிச் சந்தியில் ஆமிக்காரன் மறித்தான். இருபது வயசுப் பொடியன், தோளில் துவக்கு. பாஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கோட்டு, டை, சட்டைப்பையில் பூ. காக்காவிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். காக்கா சிங்களத்தில் நீளமாகச் சொன்னார். அவன் துவக்கை நகர்த்திவிட்டு என் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுவந்தான். அவன் என் டையைப் பிடித்து, இழுத்து, நேராக்கிவிட்டு, சிரித்துக்கொண்டு கையைக் காட்டி விட்டான்.

"என்ன சொன்னீங்கள் காக்கா?"

"உள்ளதைச் சொன்னன். இப்ப பாண்காரன், பன்னிரண்டுக்குப் புறகு மாப்பிள்ளை எண்டு."

பதினொன்று முப்பத்தைந்துக்குக் கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கைக்கு வந்தோம். இன்னும் எட்டு வீடு. மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரிகிறது. நான் காக்காவின் காலில் விழாத குறை.

"காக்கா, முதல் என்னை இறக்கிவிடுங்கோ. பிறகு வந்து எண்பது வீட்டுக்குக் குடுக்கிறன்."

அவர் முகம் வாடியதுதான். ஆனால் வானை நிப்பாட்டிவிட்டார். "நீ பிந்தினால் உனக்குப் பெண்சாதி இல்லை. விளங்குது மனே. அந்த வீடுகளில சின்னப் புள்ளையள் இரிக்கி. கோயிலுக்குள்ள போனால் நீ எப்ப வெளிய வருவாய்? நான் தனிய எப்ப குடுத்து முடிக்கிறது? இறங்கு, ஓடு."

வாய்க்கு வந்தபடி அவரை ஏசிக்கொண்டு முதலாவது படலைக்கு ஓடினேன். அது எல்சி அக்காவின் வீடு. கோயிலில் பாடுகிறவ. தொண்டை திறந்தால் குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் கேட்கும்.

"எட கிறிஸ்தோபர்! பன்னிரண்டுக்கு உனக்குக் கல்யாணமெல்லே?"

"ஓமக்கா. இன்னும் எட்டு வீடு கிடக்குது."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. "விசரா, ரோட்டால போனால்தானே ஊரடங்கு? வேலிக்கு மேலால போற பாணுக்கு ஆர் ஊரடங்கு போட்டது? எல்லாத்தையும் இஞ்ச இறக்கு!"

ஒரு சாக்குப் பாணையும் அவவின் முற்றத்தில் இறக்கினேன். அக்கா வேலிக்கு மேலால் பாட்டுக் குரலில் ஒரு சத்தம் போட்டா: "திரேசம்மா! பாண் வருது, பிடி! உனக்கு ரெண்டு, மிச்சம் அங்கால விடு! மாப்பிள்ளைக்கு நேரமாச்சு!" வேலிக்கு வேலி கைகள் முளைத்தன. சாக்கு ஒரு முற்றத்தில் ஏறி அடுத்த முற்றத்தில் இறங்கி, ஒழுங்கை முடியுமட்டும் போனது. பின்னாலேயே சத்தமும் போனது. மாப்பிள்ளைக்கு நேரமாச்சு, மாப்பிள்ளைக்கு நேரமாச்சு. ஐந்து நாளாகச் செத்த வீடு மாதிரிக் கிடந்த ஒழுங்கை சிரித்தது. கடைசி வீட்டில் இருந்து பூ ஒரு கட்டு அதே வழியால் திரும்பி வந்து, எல்சி அக்கா அதை என் கையில் திணித்து, "பொம்பிளைக்கு. ஓடு!" என்றா.

பன்னிரண்டுக்கு எட்டு நிமிசம் இருக்க உள்ளே போனேன். டொமினிக் மாமா கையில் மணிக்கூட்டோடு நின்றார். என் கோட்டில் ஒட்டின மாவைப் பார்த்தார், வாசலில் நின்ற வானைப் பார்த்தார்.

"இவன் மாப்பிள்ளையோ பாண்காரனோ?"

"ரெண்டும்தான் ஐயா" என்றார் காக்கா வாசலில் நின்று. அந்தச் சொல்லையும், என்னை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும் மாமா ஒருநாளும் மன்னிக்கவில்லை.

அருள்மலர் அழுதுகொண்டே சிரித்தாள். பாதர் பூசைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தையும் விடாமல், ஆனால் மூச்சும் விடாமல் பூசையை வைத்தார். தாலி கட்டி வெளியில் வந்தால் காக்கா வானின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"முடிஞ்சுதோ மனே? பள்ளிக்கூடத்துப் பாண் இன்னும் இறக்கயில்லை."

பொம்பிளையும் சீலையைச் செருகிக்கொண்டு வந்து இறக்கினாள். பள்ளிக்கூடத்தில் இருந்த அவ்வளவு சனமும் எங்கள் கல்யாணச் சாப்பாடாகப் பாணும் சம்பலும் சாப்பிட்டது. ஆரோ வாளியில் தாளம் போட்டார்கள். டொமினிக் மாமா ஒரு துண்டும் தொடாமல் மூன்று மணிக்கு லொறியில் ஏறினார்.

பிறகு வந்த ஊரடங்கு ஒவ்வொன்றிலும் அந்த வான் ஓடினது. எழுபத்தொன்றில் தெற்குப் பொடியன்கள் அரசாங்கத்தைப் பிடிக்க வெளிக்கிட்டபோதும் ஓடினது. எழுபத்தேழில் தேர்தல் முடிந்து ஒரு மாதத்தில் திரும்ப அடிபாடு, ஆரோ வந்து போறணையை இடித்தார்கள். நானும் ஹிஸ்புல்லாவும் அவருமாகக் கல்லுக் கல்லாக வைத்துக் கட்டினோம். நாங்கள் கட்டினபடியால் ஒரு மாதம் பாண் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வேகாமல் வந்தது. சனம் ஏசிக்கொண்டே தின்றது. காக்கா எல்லாத் தேர்தலிலும் முதல் ஆளாகப் போய் வோட்டுப் போடுவார். அவர் போட்ட ஆள் ஒருநாளும் வென்றதில்லை. அவருடைய பெண்சாதி சுபைதா மதினி, "எங்கட வீட்டு மனுசன் எதிர்க்கட்சிக்குப் போட்டால்தான் எங்கட கட்சி வெல்லும்" என்பா. அவருக்கும் அது சிரிப்புத்தான்.

யேசு பிறந்த நத்தாருக்கு நத்தார் காக்கா யாழ்ப்பாணத்துக்கு டொமினிக் மாமாவுக்கு ஒரு கேக் அனுப்புவார். பெட்டி திறக்காமல் திரும்பி வரும். காக்கா அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "தாத்தா யாழ்ப்பாணத்தில இருந்து அனுப்பின கேக்" என்று பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுப்பார். அவர் வாயில் நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.

எண்பத்திரண்டில் நெஞ்சு வருத்தம். அத்தனை வருசத்து மாவும் புகையும். நானும் அருள்மலரும் பார்க்கப் போனபோது தலையணையில் சாய்ந்து, வயிறெல்லாம் வற்றி, ஆனால் வாய் மட்டும் குறையாமல் இருந்தார்.

"மனே, டொமினிக் ஐயாவை ஒருக்கா இஞ்ச கூட்டிக்கொண்டு வா."

"அவர் உங்களோட கதைக்க மாட்டார் காக்கா."

"கதைக்க வேணாம். என்ர பாணும் தின்ன வேணாம். இந்தக் கதிரையில இருந்து, இவ்வளவு வருசமும் மனசில வச்சிருக்கிற ஏச்சு முழுக்க, எனக்குக் கேக்க ஏசிப்போட்டுப் போகச் சொல்லு. நான் போனாப் புறகு அவர் ஆரை ஏசுறது? காலமை பஸ் இரிக்கி. நீயே போய்க் கூட்டிக்கொண்டு வா."