அக்காவின் ரத்தமும் கேட்டார்கள்

இந்த நாட்டில் யாரையாவது அக்கா என்று சொன்னால் உடனே "ரியல் சிஸ்டரா?" என்று கேட்கிறார்கள். பதினான்கு வருடமாக இங்கே நர்ஸாக இருக்கிறேன். இன்னும் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. என்னோடு வார்டில் வேலை செய்யும் பாலின் நல்லவள்தான். ஸ்டெல்லாவின் போட்டோவைக் காட்டியபோது அவளும் "ரியல் டாட்டரா?" என்றாள். ஆமாம் என்றேன். "பிறகு ஏன் உன்னோடு இல்லை?" என்றாள். ஒரு அரசாங்கமே என்னை ஆறு வருடமாக நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

பாப்பிரெட்டிப்பட்டியில் என் கணவர் மஞ்சள் காமாலையில் போனபோது ஸ்டெல்லாவுக்கு இரண்டு வயது. அவளுக்கு நான்கு வயதானபோது, எனக்குப் படிப்பு சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகள் மூலமாக இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அக்கா ஆரோக்கியமேரிக்குப் பிள்ளை இல்லை. மாமாவுக்கு மரவள்ளிக் காடு இருந்தது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. "நீ போய்ட்டு வாடி, நான் பாத்துக்கறேன்" என்று குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் பொம்மிடியில் ரயில் ஏறினேன். நர்ஸ் விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கி, தனியாக ஒரு வீடு பிடித்து, மகளுக்கு விசா கேட்டு விண்ணப்பம் போட்டபோது எண்பத்து மூன்று பிறந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது.

மெட்ராஸுக்கு நேர்காணலுக்கு வரச்சொன்னார்கள். அக்கா அவளுக்குப் புதுப் பாவாடை தைத்துக் கூட்டிப்போனாள். வீட்டிலேயே பிறந்த பிள்ளை, பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஞானஸ்நானச் சீட்டு மட்டும்தான். உள்ளே தனியாகக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"உங்க அம்மா எங்க இருக்காங்க?"

"வெளிய பெஞ்சில உக்காந்திருக்காங்க."

"அப்ப இங்கிலாந்துல இருக்கறது யாரு?"

"அவங்களும் அம்மாதான்."

பிள்ளை பொய் சொல்லவில்லை. எட்டு வருடம் தலை வாரிவிட்டவளை வேறு என்னவென்று கூப்பிடும்? ஆனால் எனக்கு வந்த கடிதத்தில், பெஞ்சில் இருந்தவளே தாய், நான் சித்தி என்று முடிவு கட்டியிருந்தார்கள். மேல்முறையீடு செய்தேன். பங்குச் சாமியாரின் கடிதம், பள்ளிக்கூடச் சான்றிதழ், என் வயிற்றுப் பிரசவத் தழும்புகளைப் பற்றி இங்குள்ள டாக்டர் எழுதிக்கொடுத்த குறிப்பு எல்லாம் வைத்தேன். நான் பிள்ளை பெற்றவள் என்பதற்கு அது சாட்சியாம், இந்தப் பிள்ளையைப் பெற்றவள் என்பதற்குச் சாட்சி இல்லையாம்.

எண்பத்து ஏழில் வக்கீல் ஒரு புதிய பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. என்ற மூலக்கூறைப் பிரித்து, நொதியால் துண்டு துண்டாக்கி, கூழ் போன்ற ஒரு பரப்பில் மின்சாரம் செலுத்தி ஓடவிடுவார்களாம். எக்ஸ்ரே பிலிமில் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள் விழும். பிள்ளையின் கோடுகளில் பாதி தாயிடமிருந்து வந்திருக்கும், மீதி தகப்பனுடையது. கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. நாலு வருடமாக நான் கத்தியதைச் சொல்ல ஒரு இயந்திரம் வந்துவிட்டதே என்று. பிறகுதான் வக்கீல் மெதுவாகச் சொன்னார்: அக்காவின் ரத்தமும் வேண்டும். அவள் தாய் இல்லை என்பதையும் நிரூபித்துவிட்டால் வாயே திறக்க மாட்டார்கள்.

அதை அக்காவுக்குக் கடிதத்தில் எழுதத் துணிச்சல் இல்லை. தபாலாபீசுக்கு வரச்சொல்லி போனில் பேசினேன். இரைச்சலுக்கு நடுவே கத்திச் சொல்லி முடித்தேன்.

"எந்தக் கையில எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாமாவும் ஸ்டெல்லாவும் அவளும் ரயிலேறி மெட்ராஸ் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுவாரம் போனில், "இல்லன்னு எழுதித்தர நானே கைய நீட்டிட்டு வந்துட்டேன்டி" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முடிவு வந்தது. நானே தாய், சந்தேகமில்லை. பாலின் என்னைக் கட்டிப்பிடித்து, "இப்போது உனக்கு நிம்மதியாக இருக்கும், அவள் உன் மகள்தான் என்று தெரிந்துவிட்டதே" என்றாள். எனக்கு எப்போதுமே தெரியும் என்றேன். அவள் தலையாட்டிச் சிரித்தாள், நான் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. ஸ்டெல்லா எழுதியிருந்தாள்: "ரிசல்ட் வந்த அன்னிக்கு அம்மா சாப்புடல. உங்களுக்குச் சந்தோசமாங்க?"

சந்தோஷப்பட விடவில்லை. வழக்கை மறுபடி பார்க்கிறோம் என்று அந்த முடிவை வாங்கிவைத்த அதிகாரிகள், இன்னும் ஒரு தாள், இன்னும் ஒரு தாள் என்று கேட்டே நாளைக் கடத்தினார்கள். கடைசியில் வந்த கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. உறவு ஏற்கப்பட்டது. ஆனால் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் பெற்றோரைச் சார்ந்த குழந்தையாகக் கருத முடியாது. அவர்கள் நம்ப மறுத்த காலத்தில்தானே அவள் வளர்ந்தாள்! அந்த வயதையே அவள்மேல் குற்றமாக்கிவிட்டார்கள். வக்கீலின் மேஜையைக் கையால் அடித்தேன். அவர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. போனில் ஸ்டெல்லா அழவில்லை. "உடுங்கம்மா, பரவால்ல" என்றாள். அவளுக்கு அது ஏமாற்றமா, நிம்மதியா? எந்தப் பிலிமிலும் விழாத அந்தப் பதிலைத்தான் நான் இன்னும் தேடுகிறேன்.

இந்த வருடம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாப்பாரப்பட்டியில் வாத்தியார். அக்காவும் மாமாவும் பார்த்து முடித்தது. மூன்று வார விடுப்பில் போனேன். கோயிலில் பூசை தொடங்குமுன் சாமியார், "பொண்ணோட தாயார் வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார்.

அக்காவும் நானும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டோம். அக்கா சட்டென்று உட்கார்ந்தாள்.

"நீயும் வாக்கா."

"நீதான்னு ரத்தத்துலயே எழுதியிருக்குதுல்ல. போ" என்றாள், என்னைப் பார்க்காமல்.

போனேன். ஸ்டெல்லா தலையைக் குனிந்து கொடுத்தாள். அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். விரலை எடுப்பதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். என் தோளைத் தாண்டி, பெண்கள் பக்கத்தின் முதல் பெஞ்சில் அவள் கண்கள் யாரையோ தேடின. நான் ஒரு அடி விலகி, அவளுக்கு வழிவிட்டு நின்றேன்.