சொந்தக் கூடையில் பந்து போட்ட ரிம்விதாஸ்

ரவுதூபிஸில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ரிம்விதாஸிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். ஊரில் இருந்த ஒரே ஓட்டுநர் பள்ளிக்கு அவர்தான் வாத்தியார். ஆறரை அடி ஆள். அந்தச் சின்னக் காரில் ஏறி உட்கார்ந்தால் முட்டி தாடையை இடிக்கும். யாராவது கியரைத் தப்பாகப் போட்டால், "இது கார், மாவு பிசையற தொட்டி இல்ல" என்பார். வாங்கிக்கொண்டு அவர்களும் சும்மா இருப்பதில்லை. "இடது பக்கம் திரும்பு" என்று அவர் சொன்னதும், "நெஜமாவே இடதுதானா வாத்தியாரே? உங்களுக்குத்தான் பக்கம் கொழம்புமே" என்பார்கள்.

லித்துவேனியாவில் கூடைப்பந்தில் தோற்றவனை மறந்துவிடுவார்கள். சிரிப்பாய்ச் சிரிக்கும்படி தோற்றவனை மறக்கவே மாட்டார்கள். எங்கள் ஊர் அணிக்கு நாரைகள் என்று பெயர். குளிர் வந்தால் நாரை காணாமல் போகும், எங்கள் அணியும் அப்படித்தான். நான் அல்தோனா. அரங்கத்துக்குள் பீரும், பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டியும் விற்கிறேன். என் கண்ணெதிரே இவர்கள் தோற்காத விதம் இல்லை.

போன வருஷம் இருக்கையெல்லாம் காலியாகக் கிடந்ததால், இக்னாஸ் என்ற இளைஞனை விளம்பர வேலைக்குச் சேர்த்தார்கள். அவன் ஒவ்வொரு இடைவேளையிலும் பெரிய திரையில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று போட ஆரம்பித்தான். சவப்பெட்டி செய்யும் கம்பெனியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடிய வருஷம் நாரைகள் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள்? ஒன்று. எப்படி? எதிரணியின் பஸ் பனியில் சிக்கி வந்து சேரவில்லை. லாட்வியா என்று நினைத்து இங்கே இறங்கிய அமெரிக்க வீரன் எத்தனை நாள் தாங்கினான்? அவன் விட்டுப்போன செருப்பை இன்றைக்கும் யார் போட்டுக்கொண்டிருக்கிறார்? ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பதற்காகவே டிக்கெட் வாங்கினார்கள்.

கடைசிக் கேள்வி மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒன்றுதான். 'சொந்தக் கூடையில் பந்தைப் போட்டுவிட்டுக் கொண்டாடிய வீரர் யார்?' கீழே நான்கு விடைகள். நான்கும் ரிம்விதாஸ்.

நடந்தது தொண்ணூற்றாறில். மேல் பிரிவிலேயே நீடிக்க அன்றைக்கு நாரைகள் ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ஆட்டம் முடியப் போகிறது, இரண்டு புள்ளிதான் முன்னிலை. அப்போதுதான் உள்ளே வந்த ரிம்விதாஸ் கையில் பந்து. அவர் திரும்பி நம் கூடையிலேயே போட்டார். போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார், மண்டியிட்டுத் தரைக்கு முத்தம் கொடுத்தார். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அதில் மண்ணைக் கவ்வி, நாரைகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள்.

கோச் சொல்லித்தான் போட்டேன் என்றார் ரிம்விதாஸ். சமன் ஆனால் கூடுதல் நேரம் கிடைக்கும், அதில் ஏழு புள்ளிக்கு முயன்று பார்க்கலாம் என்பது கணக்கு. வேண்டுமென்றே போட்டால் செல்லாது என்று விதி இருந்ததால், தெரியாமல் போட்டவன் மாதிரி நடிக்கச் சொன்னாராம். கோச் நார்புதாஸ் சிரித்துவிட்டு, "பாவம், அவனும் ஏதாவது சொல்லணுமில்ல" என்றார். ஊரும் அதோடு முடித்துக்கொண்டது. ரிம்விதாஸ் அதற்குப் பிறகு அரங்கத்தில் கால் வைக்கவில்லை.

நார்புதாஸ் இப்போது கிளப்பின் தலைவர். போன இலையுதிர் காலத்தில் குடித்துவிட்டு ஓட்டிப் போலீசில் மாட்டினார். உரிமம் போனது, ரிம்விதாஸிடம் மறுபடி பாடம் கற்றாக வேண்டும். நானும் அப்போது அங்கேதான் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். நார்புதாஸ் முறை வந்த அன்று, என் பாடத்தை முடித்துக்கொண்டு நான் பின் சீட்டுக்கு மாறியிருந்தேன். வழியில் அரங்கத்தில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

"பெல்ட்டு" என்றார் ரிம்விதாஸ்.

"நாப்பது வருஷமா கார் ஓட்டறேன்டா."

"அதத்தான் போலீசு பாத்தாங்களே."

ரவுண்டானாவில் எதிரே ஒரு லாரி வந்தது. நார்புதாஸ் நிறுத்தாமல் நுழைய, ரிம்விதாஸ் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. கிழவர் முகம் பீட்ரூட்டாய்ச் சிவந்தது.

"உனக்கு எதுலயுமே அளவு தெரியாது. அன்னிக்கும் அப்படித்தான். போட்டுட்டு கையத் தூக்குன்னு மட்டுந்தானே சொன்னேன்? மண்டி போட்டு முத்தம் குடுக்கச் சொன்னது யாரு?"

பின்னால் வந்த காரில் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் ரிம்விதாஸ். நின்றதும், "பின்னாடி அல்தோனா இருக்கா" என்றார்.

நார்புதாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். "ரொட்டி விக்கறவ. இவ சொன்னா எவன் நம்புவான்?"

"ஏன் இல்லன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் ரிம்விதாஸ்.

"சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். உனக்கு என்ன நஷ்டம்? பெஞ்சத் தேச்சிட்டுக் கெடந்தவன். உன்ன எதுக்கு உள்ள விட்டேன்னு நெனச்ச? உருப்படியான ஆட்டக்காரன் எவன் போட்டாலும் ரெஃப்ரி சந்தேகப்படுவான். நீ போட்டா நம்புவான்."

ரிம்விதாஸின் காதுகள் சிவந்துபோயின. அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் சாலையைப் பார்த்தபடி, "இண்டிகேட்டர் போட்டுக் கெளம்புங்க" என்றார். மீதிப் பாடத்தையும் நடத்தினார்.

நான் சும்மா இருப்பேனா? அடுத்த ஆட்டத்தில் பீர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். நார்புதாஸ் ஏற்கெனவே பலருக்குப் பிடிக்காதவர் என்பதால் கதை தீப்போலப் பரவியது. ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதிக்குள் அரங்கமே அவர் இருக்கையைப் பார்த்து விசிலடித்தது. எவளோ உளறுகிறாள் என்றார் அவர். விசில் இன்னும் பலமானது. அந்த வாரமே இக்னாஸ் கேள்வியை மாற்றினான்: 'நம் அணியின் மிகச் சிறந்த நடிகர் யார்?' விடைகள் மட்டும் மாறவில்லை.

மறுவாரம் ரிம்விதாஸ், தொண்ணூற்றாறுக்குப் பிறகு முதல் முறையாக அரங்கத்துக்குள் நுழைந்து, என் கடைக்கு வந்து நின்றார்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"நல்லதுதானே செஞ்சேன், வாத்தியாரே."

"நல்லதா? நானும் இத்தன வருஷம் இதையேதான் சொன்னேன். ஒருத்தன் நம்பினானா? நீ ரொட்டியத் திருப்பிப் போட்டுக்கிட்டே ஒரு தடவ சொன்னதும் ஊரே நம்புது. அப்போ இத்தன நாளும் என் பேச்சுக்கு என்ன மதிப்பு?"

அதற்குள் இக்னாஸ் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவருடைய பழைய சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஆடுகளத்தில் வைத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னான்.

"அத உன் வீட்டுக் கக்கூஸ்ல மாட்டு" என்றார் ரிம்விதாஸ்.

அதோடு வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த ஆட்டத்துக்கே வந்தார். எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்கிய மூலையில், அவர்களுடைய மஞ்சள் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்றார். எங்கள் பையன்கள் பந்தைத் தவறவிட்ட போதெல்லாம் கை தட்டினார். அதற்கடுத்த வாரம் வேறு அணி, வேறு மஃப்ளர். யார் வந்தாலும் அவர்கள் பக்கம். "வாத்தியாரே, அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, இந்தப் பக்கம் வாங்க" என்று மருந்துக்கடைக்காரர் கத்தினார். உண்மையில் யாரும் கேட்டிருக்கவில்லை. ரிம்விதாஸ் அவரைப் பார்த்துத் தொண்டை கிழிய எதிரணியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

வசந்தத்தில் நாரைகள் மறுபடி ஒரு பிரிவு கீழே இறங்கினார்கள். அன்றைக்கு அந்த மூலையில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் என் கடையில் பீர் வாங்கிக் கொடுத்தார். இரண்டு கை நிறையக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு போனார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.