டேட்டா வேண்டாம் என்று நான் எழுதிய ஜாப் கார்டு

காலை பதினொன்றரை மணிக்கு ஒரு பெண் கடைக்குள் வந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த போனைக் கவுண்டரில் வைத்தாள். "அக்கா, மூணு மணிக்குப் பொம்மனஹள்ளியில எனக்கு என்கொயரி. அதுக்குள்ள இது ஆன் ஆகணும். ஆகலன்னா என் வேலை போச்சு."

ஆஸ்டின் டவுனில் பாய் நடத்தும் போன் ரிப்பேர் கடையில் எனக்கு அது டெக்னீஷியனாகப் பதினான்காவது வருடம். வருகிறவர்கள் எல்லோருமே அவசரம் என்றுதான் வருவார்கள். அதனால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, போனைப் பார்ப்பேன்.

அந்த மாடல் எனக்கு அத்துப்படி. வந்த புதிதில் கொடுத்த விலைக்கு மேலேயே உழைக்கிற போன் என்று ஊரே வாங்கியது. மெட்டல் பாடி, முதுகில் கைரேகை சென்சார், மேலே இயர்போன் ஓட்டை. கேமரா வெயிலில் பிரமாதம், அறைக்குள் வந்தால் சுமார். இன்டர்னல் மெமரி முப்பத்திரண்டு ஜிபிதான். அதில் பாதியை சிஸ்டமே சாப்பிட்டுவிடும்.

"அஞ்சு வருஷமா வெச்சிருக்கேன்க்கா. ரெண்டு நாளைக்கு ஒருதரம் சார்ஜ் போட்டாப் போதும். மெமரி ஃபுல், மெமரி ஃபுல்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. கார்டு போட்டதும் என்னமோ கேட்டுச்சு, ஓகே குடுத்தேன். அப்புறம் அந்தக் கத்தல் கப்சிப்" என்றாள்.

அந்த 'என்னமோ கேட்டுச்சு' என்ற இடத்தில் நான் நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை.

அவள் பெயர் மங்கை. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் டெய்லர். அவள் வேலை செய்யும் மாடியில் எமர்ஜென்சி கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். அதை வீடியோ எடுத்துக்கொண்டு புகார் கொடுத்தாள். பொய்ப் புகார் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இங்கே சித்தி வீட்டில் இருந்து என்கொயரிக்குக் கிளம்பியவள், பஸ் ஏறும்போது போனைக் கீழே போட்டுவிட்டாள். அப்போதிருந்து போன் கம்பெனி லோகோ வரும், அணையும், மறுபடியும் லோகோ வரும்.

"வேற யாருக்கும் அனுப்பி வெக்கலையாமா?"

"பயமா இருந்துச்சுக்கா. யார் கைக்குப் போகுமோன்னு."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ரிப்பேருக்கு முன்னால் நிரப்பும் ஜாப் கார்டில் 'டேட்டா வேண்டுமா, வேண்டாமா' என்று ஒரு கட்டம். வேண்டாம் என்றால் நமக்குக் கொண்டாட்டம். எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துப் புதுப் போனாக்கிக் கொடுத்துவிடலாம், பத்து நிமிட வேலை. நானும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"போன்ல ஒண்ணும் வேணாம்க்கா. வீடியோ கார்டுலதான் இருக்கு."

'வேண்டாம்' என்று டிக் அடித்தேன். கார்டை நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். மெமரி கார்டைக் கழற்றி, காப்பி எடுக்கச் சொல்லி, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பாயிடம் கொடுத்தேன். போனின் விளிம்பில் பவர் பட்டன் பக்கம் ஒரு நசுங்கல் தெரிந்தது. பார்த்தேன், பார்த்ததோடு சரி.

போன் ஆன் ஆகாதபோது உதவுகிற ரிக்கவரி மெனுவுக்குள் போனேன். அங்கே வால்யூம் பட்டன் வரியை நகர்த்தும், பவர் பட்டன் தேர்ந்தெடுக்கும். எல்லாவற்றையும் அழிக்கிற 'வைப் டேட்டா' வரிக்கு நகர்த்தினேன். பவரை நான் தொடவே இல்லை. மெனு தானாக உள்ளே போய் 'நிச்சயமா?' என்று கேட்டது. அடுத்த நொடி, முதலில் இருந்த 'நோ'வைத் தானாகவே தேர்ந்தெடுத்து வெளியே வந்துவிட்டது. சனியன், அடம்பிடிக்கிறது என்று எரிச்சலோடு மறுபடி நகர்த்தப் போனேன்.

அப்போது பாய் குரல் கொடுத்தார். "ஸ்டெல்லா, கார்டு காலியா காட்டுது. ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது. பண்ணிடட்டுமா?"

மங்கை கவுண்டரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "காலைலகூட அந்த வீடியோவப் பாத்தேனே!"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்து போன்களில் கார்டை இன்டர்னல் மெமரியோடு சேர்த்துக்கொள்ளும் வசதி ஒன்று இருந்தது. அப்படிச் சேர்த்தால் போன் அந்தக் கார்டைத் தனக்கு மட்டுமே தெரிந்த சாவியால் பூட்டிவிடும். வேறு எதில் போட்டாலும் காலியாகத்தான் தெரியும். அந்தச் சாவி இருப்பது போனுக்குள். அதைத்தான் நான் துடைக்கப் போனேன்.

"பாய், தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். போனை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கார்டை நானே உருவிக்கொண்டேன்.

பிறகுதான் நசுங்கலைச் சரியாகப் பார்த்தேன். பவர் பட்டன் உள்ளே சிக்கி, யாரோ விட்டுவிட்டு அழுத்துவது போல் இருந்தது. அதனால்தான் போன் திரும்பத் திரும்ப அணைந்தது. அதனால்தான் மெனுவும் தானாகப் போய் 'நோ' சொன்னது. உடைந்த பட்டன்தான் அவளைக் காப்பாற்றியது, நான் இல்லை.

மணி பன்னிரண்டே கால். ஓசூர் ரோடு டிராஃபிக்குக்கு அவள் ஒன்றரைக்காவது கிளம்பியாக வேண்டும். முதுகைத் திறந்து பட்டனைப் போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பட்டையைக் கழற்றினேன். கார்டை அதன் இடத்தில் திரும்பப் போட்டேன். பட்டன் இல்லாததால் போர்டில் அதன் இரண்டு புள்ளிகளையும் ட்வீசரால் தொட்டு ஆன் செய்தேன். லோகோ வந்தது. வழக்கமாக அணையும் நேரம் வந்தது. அணையவில்லை.

லாக் ஸ்க்ரீன் வந்ததும் மங்கை பின் நம்பரைப் போட்டாள். இரண்டு முறை தப்பு, மூன்றாவது சரி. வீடியோ ஓடியது. கதவு, சங்கிலி, பூட்டு, பின்னால் தையல் மெஷின் சத்தம். இரண்டு பென் டிரைவில் ஏற்றினோம்.

"உங்களாலதான்க்கா" என்று அவள் என் கையைப் பிடித்தாள். பாய் எனக்குப் பின்னாலிருந்து மெல்ல, "சும்மா இரு, ஒண்ணும் சொல்லாதே" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததைச் சொல்லி, ஜாப் கார்டில் இருந்த அவள் கையெழுத்தைக் காட்டினேன். "நான் துடைச்சிருந்தா உன்னால என்னைக் கேக்கக்கூட முடியாதுமா. நீயே வேண்டாம்னு எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கயும் இதேதான்க்கா. கதவு திறந்திருக்குன்னு ஒரு நோட்டு இருக்கு. தினம் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். நானும் போட்டிருக்கேன். இன்னிக்கு அதைத்தான் எடுத்து நீட்டப் போறாங்க." போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

அன்று சாயங்காலமே ஜாப் கார்டுகளில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, 'டேட்டா எங்கே இருக்கிறது, டெக்னீஷியன் பார்த்தாரா?' என்று கையால் எழுதினேன். கஸ்டமருக்குத் தன் டேட்டா எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது நம் வேலை. அதை அவர்கள் தலையில் கட்டிக் கையெழுத்து வாங்குவது நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். நான் கற்றது இவ்வளவுதான், அதற்குப் பதினான்கு வருடம் ஆனது.

பத்து நாள் கழித்துப் புது பவர் பட்டன் போட மங்கை வந்தாள்.

"மறுபடி வேலைல சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க. சங்கிலியும் போச்சு. நோட்டு மட்டும் அப்படியே இருக்கு."

"கையெழுத்துப் போடுறியா?"

"போடுறேன்க்கா. ஆனா மொதல்ல போயி கதவத் தள்ளிப் பாத்துட்டுத்தான்."

ஜாப் கார்டை நீட்டினேன். அவள் அதை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவள் படித்து முடிக்கும்வரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.