அலோன் ஓட்டலின் தேக்குப் படிக்கட்டு

1964 டிசம்பர், வியாழக்கிழமை. காலை ஒன்பதுக்கு ரங்கூனில் இறங்கினேன். வெளிநாட்டாருக்கெல்லாம் இருபத்துநாலு மணி நேர விசாதான். விமான நிலையத்திலிருந்து அலோன் துறைமுகம் பன்னிரண்டு மைல். டாக்சிக்காரர் பத்து கியாட் கேட்டு எட்டுக்கு ஒத்துக்கொண்டார்.

பத்தரை மணி. நான் தங்கவிருந்தது ஆற்றைப் பார்த்த பழைய ஓட்டல், இப்போது சர்க்கார் சொத்து. கூடத்தின் நடுவே தேக்குப் படிக்கட்டு. கைப்பிடி முழுக்கச் செதுக்கிய மயில்கள். எங்கள் செட்டிநாட்டில் ஒற்றைத் தேக்குத் தூண் வைத்தவரே மூன்று தலைமுறைக்குப் பெருமை பேசுவார். இங்கே நான்கு பேர் படிக்கட்டையே கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

"கூடம் அரிசிக் கிடங்காகுது சார். மூட்டை அடுக்கப் படி இடைஞ்சலாம்" என்றார் பட்லர் தானியேல், மிஷன் பள்ளியில் படித்த தமிழர்.

"மாடி அறைகளுக்கு எப்படிப் போவது?"

"பின்னால இரும்புப் படி இருக்கே."

சமையலாட்களுக்கென்று வைத்த சுருள்படி அது. "வெள்ளைக்காரன் காலத்துல நான் முன்படியில கால் வெச்சா வேலை போயிடும். சொதந்திரம் வந்த பெறகுதான் ஏறினேன். சனிக்கிழமை எம்மவ எஸ்தருக்கு இந்தக் கூடத்துல கல்யாண விருந்து. அவ இந்தப் படியில எறங்கி வரணும் சார், அது ஒண்ணுதான் ஆசை" என்றார் தானியேல்.

பன்னிரண்டுக்கு வேலையைப் பார்க்க சர்க்கார் அதிகாரி வந்தார். "ஸயா, ரெண்டே நாள்" என்று தானியேல் பர்மியில் கெஞ்சினார். வெள்ளைக்காரன் அடையாளம் ஒழியட்டும் என்று பதில் வந்ததாம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"செதுக்கியவர்கள் உங்கள் தச்சர்கள்! மயிலும் உங்கள் மயில்தானே!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"நாளை காலை உங்கள் விசா முடிகிறதல்லவா?" என்றார் அதே மொழியில். இந்த அநியாயத்தைக் கேட்க எனக்கு அந்த ஊரில் ஒரு பகல்கூட உரிமை இல்லை.

மூன்று மணிக்குப் படிக்கட்டு முற்றத்தில் விறகுக் குவியலாய்க் கிடந்தது. மாடிக்குப் போக அதிகாரியும் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுருள்படியில்தான் ஏறினார். இறங்கி வந்தவர் பெரிய மனசோடு தானியேலிடம் ஏதோ சொல்ல, அவர் தலையசைத்து மறுத்தார்.

"என்ன சொன்னார்?"

"மூட்டை திங்கக்கிழமைதான் வருதாம், கூடத்துல விருந்தை வெச்சுக்கோங்கறார். வேணாம்னுட்டேன். சபைக் கோயில் வாசல்ல பந்தல் போட்டுக்கறேன் சார். நான் எறங்கின பின்படியில எம்மவ எறங்க மாட்டா."