ஊசியின் மறுபாதி

குடும்பத்தில் அவளுக்கு 'இஞ்சு டேப்' என்று பெயர். வைத்தவர் அவளுடைய அக்கா புருஷன். யார் வாசலில் வந்து நின்றாலும், "வாங்க" என்று வாய் சொல்வதற்குள் அவள் கண் அளவெடுத்து முடித்துவிடும். "இடுப்புல ஒன்றரை இஞ்சு ஏறியிருக்கே" என்று அவள் சொல்லிவிட்டால் தராசுகூட எதிர்த்துப் பேசாது. அதனாலேயே சொந்தக்காரர்கள் அவள் வீட்டுக்குள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைவார்கள்.

பதினேழு வயதில் துணித் தொழிற்சாலைக்குப் போனாள். பன்னிரண்டு வருடம் காலர் தைத்தாள். காலர் மட்டும். சட்டைக்குக் கை, பை, பொத்தான் எல்லாம் உண்டு என்பதே அவளுக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும் என்று அத்தான் கதை கட்டிவிட்டிருந்தார். பிறகு வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மிஷினைப் போட்டுச் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தாள். தொழிற்சாலை அவளுக்குத் தந்து அனுப்பியவை மூன்று: ஒரு முதுகுவலி, கை ஊசியை இடது தோள் துணியில் குத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம், ஒரு பயம்.

பயம் இதுதான். அங்கே ஓர் ஊசி உடைந்தால் வரிசை முழுவதும் நிற்கும். துண்டுகள் எல்லாம் கிடைக்கும்வரை ஒரு மிஷினும் ஓடாது. நாற்பது பேர் முட்டி போட்டுத் தரையைத் தடவுவார்கள். கிடைத்த துண்டுகளை வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதி, கிடைத்த இடம் எல்லாம் எழுதி மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி மிஷின் சத்தம் கேட்கும். தைத்தது பிள்ளைகள் உடுப்பு. ஒரு துண்டு உள்ளே போய்விட்டால் எந்தப் பிள்ளையின் கழுத்தில் குத்தும் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடம் அந்தத் தெரியாத கழுத்துக்காகவே அவள் பயந்திருக்கிறாள். இப்போதும் சாயங்காலமானால் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, நாய்க்குட்டியை இழுத்துக்கொண்டு போவதுபோல முன்னறை முழுக்க இழுத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள்.

பண்டிகை விருந்து பதினெட்டு வருடமாக அக்கா வீட்டில்தான். இந்த வருடம் அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன். அதனால் விருந்து முதல்முறையாக இவள் வீட்டுக்கு வந்தது. இருபத்திரண்டு பேர். ஒரு வாரமாக இவளுக்கு அக்காவின் நாக்கைப் பற்றியே நினைப்பு. அக்கா ஒரு வாய் தின்றுவிட்டு, "பரவாயில்லையே" என்பாள். அந்த 'லையே'வுக்குத்தான் பயம்.

குழம்பு வேலை முதல்நாளே பாதி முடிந்துவிட்டது. முக்கியமானது பன். உள்ளே கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்து மூடிய பன், அக்கா வீட்டு விருந்தின் கிரீடம். காலையில் மாவைப் பிசைந்து, பாத்திரத்தின் விளிம்பில் அடித்து அடித்துத் துவைத்தாள். ஒவ்வோர் உருண்டையையும் தராசில் வைத்து நிறுத்தாள். நாற்பது உருண்டை. நாற்பதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவு.

"ஏம்மா, பன்னுக்கும் அளவுச் சட்டையா?" என்றாள் மகள்.

"வாயை மூடிட்டு வெங்காயத்தை நறுக்குடி."

பதினோரு மணிக்கு இரண்டு தட்டுப் பன்னும் அடுப்பிலிருந்து பொன்னிறமாக வெளியே வந்தன. கூடத்தில் சொந்தங்கள் நிரம்பிவிட்டன. அக்கா சோபாவில் காலை நீட்டி, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அத்தான் பஸ் கண்டக்டர். வீட்டிலும் "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு" என்றுதான் ஆட்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தார்.

வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பழக்கதோஷத்தில் விரல் இடது தோளைத் தொட்டது.

ஊசி இல்லை.

காலையில் புருஷன் சட்டைக்குப் பொத்தான் வைத்துவிட்டுத் தோளில் குத்தினாள். சிவப்பு நூல். அது நன்றாக ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் மாவு.

முன்னறைக்கு ஓடினாள். ஊசி மெத்தையைப் பார்த்தாள். துணியை உதறினாள். காந்தத்தைத் தரையில் இழுத்தாள். ஒரு குண்டூசியும் ஒரு கொண்டை ஊசியும் வந்தன. காந்தத்தோடு சமையலறைக்குத் திரும்பினாள். மாவு பிசைந்த பாத்திரம் கழுவாமல் கிடந்தது. ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த மாவின் மேல் காந்தத்தை மெல்ல நகர்த்தினாள்.

'டிக்'.

ஒரு விரற்கடைகூட இல்லை. கூர் இருந்தது. காது இல்லை.

விளிம்பில் அடித்தபோது உடைந்திருக்கிறது. இது இங்கே இருக்கிறது என்றால் மறுபாதி எங்கே? கூடத்திலிருந்து பிள்ளைகளின் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் பயந்த அந்தத் தெரியாத கழுத்து இப்போது தெரிந்த கழுத்தாகிவிட்டது. இருபத்திரண்டு கழுத்து. எல்லாவற்றின் அளவும் அவளுக்கு மனப்பாடம்.

முதலில் வந்த யோசனை திருட்டு யோசனைதான். பன் கருகிவிட்டது என்று சொல்லிவிடலாம். இரண்டு தட்டையும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். அக்கா எகத்தாளமாகச் சிரிப்பாள், சிரித்துவிட்டுப் போகட்டும். மானம் போனாலும் உயிர் போகாது. குழம்புப் பானை மாவுப் பக்கமே வரவில்லை, அதை வைத்துச் சமாளிக்கலாம்.

தட்டைத் தூக்கும்போதே கண் தன் வேலையைச் செய்தது. ஒரு தட்டில் இருபது. இன்னொன்றில் பத்தொன்பது.

மறுபடி எண்ணினாள். மகளையும் எண்ணச் சொன்னாள். முப்பத்தொன்பது.

"நீ தின்னியாடி?"

"நானா? நீ இன்னும் யாரையும் தொட விடலையேம்மா. ஏன் உன் மூஞ்சி மாவு மாதிரி வெளுத்துக் கிடக்கு?"

பொய் சொல்ல வழியில்லை. தட்டைக் கொட்டிவிடலாம், ஒருவர் வயிற்றைக் கொட்ட முடியாது. உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"பன்னு யாரு எடுத்தது?"

சத்தம் அடங்கவில்லை. "சாப்பாடு போடறதுக்கு முன்னாடியே கணக்கெடுப்பா?" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அத்தான், விளையாட்டு இல்ல. ஊசி உடைஞ்சு மாவுல விழுந்துடுச்சு. பாதி இங்க இருக்கு. மீதி பன்னுக்குள்ள. ஒரு பன்னைக் காணோம். யாரு தின்னாங்கன்னு சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிடறேன்."

கூடம் அப்படியே நின்றது, நடு வழியில் பிரேக் போட்ட பஸ் மாதிரி. பிள்ளைகளின் அம்மாக்கள் அவரவர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். "நான் இல்ல", "நான் இல்ல" என்று சின்னச் சின்னக் குரல்கள். அக்கா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீட்டிய காலை மெல்ல மடக்கினாள்.

தையற்காரியின் கண் ஒவ்வோர் ஆளாக நகர்ந்தது. அத்தானிடம் வந்து நின்றது. அவர் போட்டிருந்தது அவளே தைத்த ஜிப்பா. இரண்டு பக்கப் பையும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி தைத்தது. இன்று வலது பக்கம் முக்கால் இஞ்சு கீழே தொங்கியது.

"அத்தான், வலது பையில என்ன?"

"பையிலயா? சில்லறை."

"சில்லறை குலுங்கும். இது தொங்குது."

அத்தானுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் உண்டு. விருந்தில் அவருக்குக் கஞ்சிதான் என்று அக்கா ஒரு மாதமாகச் சொல்லி வைத்திருந்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். மச்சினியின் உள்ளங்கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது எல்லோருக்கும் தெரிந்தது.

"நீ முன்னறைக்கு ஓடினப்போ ஒண்ணு எடுத்தேன், ரெண்டு கடிதான். நீ வெளிய வந்தியா, மீதியைப் பையில போட்டுட்டேன்." கை தொண்டைக்குப் போனது. "எனக்கு... இங்க ஏதோ குத்தற மாதிரி இருக்கு."

அக்கா, ஆபரேஷன் செய்த முட்டியோடு எழுந்தே நின்றுவிட்டாள். "அடப்பாவி மனுஷா!" என்றாள். திட்டுவதுபோல ஆரம்பித்த குரல் பாதியிலேயே அழுகையாக மாறியது.

கைக்குட்டையில் சுற்றிய அரைப் பன்னை இவள் பிடுங்கிக்கொண்டு மிஷின் விளக்கின் கீழ் போனாள். வெள்ளைத் தாளை விரித்தாள். பன்னைப் பிய்த்தாள். ஒவ்வொரு துணுக்காக விரலில் நசுக்கினாள். ஒன்றுமில்லை. வெங்காயம். ஒன்றுமில்லை. கறி. முன்னறை வாசலை அடைத்துக்கொண்டு இருபது பேர் நின்றார்கள். "ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிடட்டுமா?" என்று புருஷன் போனைக் கையில் வைத்துக் கேட்டான். "கூப்பிடு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். தாளில் கடைசியாக இருந்தது பன்னின் அடிப்பாகம். அதன் மேல் காந்தத்தை வைத்தாள்.

'டிக்'.

காது இருந்தது. காதில் கொஞ்சம் சிவப்பு நூலும் இருந்தது.

யாரோ கைதட்டினார்கள். "இருங்க" என்றாள். இரண்டு துண்டையும் சேர்த்துவைத்தாள். உடைந்த வாய் பொருந்தியது. அது போதாது. அதே பாக்கெட்டிலிருந்து புது ஊசி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். நடுவில் சின்னத் துணுக்கு ஒன்று தெறித்திருந்தால்? கண் கூசும்வரை பார்த்தாள். நீளம் ஒன்றே. மயிரிழைகூடக் குறைவில்லை. அப்போதுதான் அவள் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதுவரை உட்கார நேரமில்லை.

"அப்போ எனக்குத் தொண்டையில குத்தினது?" என்றார் அத்தான்.

"அது உங்க மனசாட்சி பெரியப்பா" என்றாள் மகள்.

அக்கா நொண்டிக்கொண்டே போய்த் தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள். இவள், "வேண்டாம்க்கா, எல்லாத்தையும் கொட்டிடலாம்" என்று கையைப் பிடித்தாள்.

"ரெண்டு பாதியும் கிடைச்சுடுச்சுல்ல? உன் கண்ணு அளந்தா அளந்ததுதான். விடுடி கையை." எல்லோர் முன்னாலும் ஒரு பெரிய கடி கடித்தாள். மென்றாள். இவள் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது ஏறி இறங்கும்வரை.

"உப்பு கம்மி" என்றாள் அக்கா.

'பரவாயில்லையே' என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்கிற நிலையிலும் இவள் இல்லை.

விருந்து நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு பன்னையும் நாலாகப் பிய்த்துப் பார்த்த பிறகே தட்டில் வைத்தாள். யாரும் கேலி செய்யவில்லை, அத்தான்கூட. அவர் கஞ்சியைக் குடித்துக்கொண்டு மிக ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். இவள் ஒரு வாயும் தின்னவில்லை. பரிமாறிக்கொண்டே, மென்று விழுங்குகிற ஒவ்வொரு கழுத்தையும் பார்த்தபடி நின்றாள். யாராவது இருமினால் கரண்டி கையிலேயே நின்றுவிடும்.

எல்லோரும் கிளம்புவதற்கு முன்னால் வெள்ளைத் தாளில் இரண்டு துண்டையும் டேப் போட்டு ஒட்டினாள். தேதி எழுதினாள். கிடைத்த இடம்: ஒன்று, மாவுப் பாத்திரம். இரண்டு, அத்தான் ஜிப்பா, வலது பை. கீழே மேற்பார்வையாளர் என்று எழுதிக் கோடு போட்டு, தாளை அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது தங்கையின் இடது தோள் துணியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, இழுத்து அணைத்துக்கொண்டாள்.