பி பக்கத்தின் நான்காவது பாட்டு

ஆளுயரத் தந்தி வாத்தியத்தை உள்ளங்கையால் அறைகிற "டொக் டொக்" சத்தமும், விக்கல் எடுத்தவர்போல் சொல்லை வெட்டி வெட்டிப் பாடும் அந்த இளங்குரலும் எங்கே கேட்டாலும் இன்றைக்கும் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். உலகமே கொண்டாடிய பாடகர் ஒருவர், பேர் பெறுவதற்கு முன் பாடிய ராக்கபில்லி என்கிற பழைய அமெரிக்கத் துள்ளல் பாட்டுகளின் கசெட் தொகுப்பு அது. அபுதாபியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் யாரும் அதை ஆடுவதற்காகக் கேட்கவில்லை.

சண்டைக் காலத்தில் கடிதங்களை வழியில் பிரித்துப் படிப்பார்கள் என்ற பயத்தில், எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கடைப் பாட்டுக் கசெட்டின் விளிம்பிலுள்ள சின்னப் பள்ளத்தை ஒட்டுத்தாளால் மூடினால் அதில் மறுபடி பதியலாம். ஒரு பாட்டின் நடுவில் அரை நிமிடம் பேசி, லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பும் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். இதுதான் "பேச்சுக் கசெட்". கொண்டுவருபவருக்கும் விஷயத்தைச் சொல்வதில்லை; தெரியாதவர் முகம் எதையும் காட்டிக்கொடுக்காதே.

அம்மாவின் தம்பியான சின்ன மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவரை எப்படியாவது வெளியே எடுக்கவேண்டும் என்று, முசஃபாத் தொழிற்பேட்டையில் கராஜ் மெக்கானிக்காக இருந்த அப்பா, தன் கஃபீலான அரபு முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு விசா வாங்கி வைத்திருந்தார். அதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மாமா சொல்லவேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த, தொழிலாளர் கேம்ப் ஒன்றில் இருந்த பரமு அண்ணை வந்து கசெட்டை நீட்டினார்.

"அக்கா, கொழும்பில உங்கட தம்பி தந்துவிட்டவன். வந்து பத்து நாளாச்சு, டியூட்டியால வரேலாமப் போச்சு. றூமில பொடியள் முதல் பக்கத்தைப் போட்டுப் போட்டு ஆடினவங்கள், குறை நினையாதேங்கோ."

அவர் படியிறங்கியதும் அப்பா கதவைச் சாத்திவிட்டுக் கசெட்டைப் போட்டார். ஏ பக்கம் முழுக்க வெறும் பாட்டு. அப்பா ஓட்டிவிடப் போனபோது அம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். "ஓட்டாதேங்கோப்பா, தப்பிப் போயிடும்." ஒவ்வொரு பாட்டாகக் கேட்டோம். பாடகர் துள்ளத் துள்ள அம்மாவின் முகம் இருண்டுகொண்டே போனது. "சனியன் பிடிச்ச பாட்டு, முடியுதில்லையே!" ஒன்பது வயதில் நான் மூச்சுவிடக்கூடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பி பக்கத்தின் நான்காவது பாட்டில், ஒரு வரியின் பாதியில், மாமா.

"அக்கா, லொட்ஜில நிக்கிறன். விலாசமும் போன் நம்பரும் சொல்லுறன், எழுதுங்கோ. பத்தாம் திகதி வரைக்கும்தான் இங்க நிக்க விடுவாங்கள். அதுக்குள்ள விசாவை அனுப்பிவிடுங்கோ அத்தான்."

அப்பா சுவர்க் காலண்டரைப் பார்த்தார். அன்று பதினான்காம் திகதி. "பத்து நாளாய் அந்த றூமில கிடந்ததே! ஐயோ, பத்து நாள்!" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டார். பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது, அதை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா ஓடிப்போய்த் தெருமுனையிலிருந்து லொட்ஜுக்குப் போன் செய்தார். "பதினோராம் திகதி விடியவே ஆரோ வந்து கூட்டிக்கொண்டு போட்டினம்," என்றாராம் லொட்ஜ்காரர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு சொல்கூட எங்களுக்கு வரவில்லை. பரமு அண்ணைமேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். நியாயமில்லாத கோபம் என்று தெரியும், இருக்கட்டும்.

மாமாவின் குரலைக் கேட்கவென்று அம்மா போட்டுப் போட்டு அந்த நாடா தேய்ந்து அறுந்தே போனது. இப்போது அப்படிப் பாட்டுக்குள் ஒளிந்துகொண்டு யாரும் பேசுவதில்லை. போன மாதம், காரில் என் மகள் தன் போனில் அதே தொகுப்பைப் போட்டாள். அந்த நான்காவது பாட்டு வந்தது, அந்த வரியும் வந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பாடகர் எங்கும் நிற்காமல், நான் ஒருநாளும் கேட்டிராத அடுத்த அடியைப் பாடிக்கொண்டு போனார்.