காத்தை மறைக்கக் கட்டின வூடு

பொறாமை இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். என் ஓர்ப்படி கெங்கம்மா திருவொத்தியூர்ல கடலோரமா வூடு வாங்கிட்டான்னு கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சிது. நல்லா எரிஞ்சிது. அவ எனக்குச் சின்னவ, என் கொழுந்தன் பொண்டாட்டி. ரெண்டு பேரும் ஒரே தீப்பெட்டி கம்பெனியில எதிரும் புதிருமா குந்திகினு லேபிள் ஒட்றவங்க. கூலியும் ஒண்ணுதான். அவளுக்கு சொந்த வூடு, எனக்கு மட்டும் ராயபுரத்துல ஒண்டுக்குடித்தனமா?

மத்தியானம் சோத்து மூட்டையைப் பிரிக்கிறப்பல்லாம் அவளுக்கு அதே பேச்சு. "இன்னா காத்துன்ற அக்கா! விசிறியைத் தொட்றதே இல்ல. வாசல்ல குந்திகினா கடலு கண்ணு முன்னாடி கீது." சிரிச்சிகினேதான் கேட்டுகினு இருப்பேன். சோத்துல பாதி அப்படியே மூட்டைக்குத் திரும்பிடும்.

என் வூட்டுக்காரர் அப்பாவு ஆர்பர்ல கல்லு கொட்ற கேங்குல வேலை. அலை உள்ளே வராம இருக்க, கடல்ல பாறாங்கல்லைத் தள்ளி அணை போட்றவங்க. எட்டு வருசம் ரெண்டு பேர் சம்பளத்துலயும் சேர்த்து, என் கழுத்துல காதுல கெடந்ததை வித்து, நாங்களும் வூடு பார்த்தோம். தரகர் கொருக்குப்பேட்டையில ஒண்ணு காட்னார். ஓட்டு வூடு, கெட்டிச் சுவரு, தெருமுனையில குழாய். ரயிலு சத்தமும் கரிப்புகையும் கீது, ஆனா ரெண்டு பேருக்கும் வேலைக்குப் போக தோதான எடம். அவருக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி.

"அதெல்லாம் வேணாம். கெங்கா வூட்டுக்கு முன்னாடி மணல்ல ஒரு மனை சும்மா கெடக்குதே, அதைக் கேளுய்யா"ன்னேன்.

அவர் என்னை ஏற எறங்கப் பார்த்தார். "இன்னா கன்னி, புத்தி கெட்டுப் போச்சா? அது கடலுக்கும் அவங்க வூட்டுக்கும் நடுவுல கீது. நாங்க இங்க கல்லு கொட்டி அலையை நிறுத்தறோம். அது சும்மா பூடுமா? வடக்கால போய்த் திருவொத்தியூர்க் கரையைத் தின்னுது. வருசா வருசம் பார்த்துகினுதானே கீறேன்."

"உன் தம்பி பொண்டாட்டிக்குக் காத்து அடைபட்டுப் பூடுமேன்னு அவ்ளோ கரிசனமா?"

மனுசன் மறுநாளே தரகரைக் கூட்டிகினு போய் அந்த மனையைப் பேசி முடிச்சார். அந்தக் கேள்விக்கு எந்தப் புருசன் பதில் சொல்லுவான்?

ஐம்பத்தொண்ணுல கட்னோம். மேஸ்திரிகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: கெங்கா வூட்டை விட ரெண்டு முழம் ஒசரமா எழுப்பு. கெங்கா வந்து நின்னா. "அக்கா, போன மழைக்கே கடல் தண்ணி இதுவரைக்கும் வந்திச்சி. கொஞ்சம் யோசனை பண்ணுக்கா"ன்னா. கண்ணுகூட கலங்கியிருந்திச்சி. அடேங்கப்பா, நடிப்பைப் பாருன்னு நெனச்சேன். அவளுக்குப் பொறாமைன்னு முடிவே கட்டிட்டேன். எனக்குள்ள இருந்தது அவளுக்குள்ளயும் இருக்கும்னுதானே தோணும்?

நாங்க பால் காய்ச்சின அன்னிக்கே அவ வாசல்ல காத்து நின்னு போச்சி. மறுவாரம் கெங்கா சந்தையில பனையோலை விசிறி வாங்கியாந்தா. அதைப் பார்த்துட்டு அன்னிக்கு நான் வயிறு நெறைய தின்னேன்.

ரெண்டு வருசம், அவ்ளோதான் என் ராஜாங்கம். ஐம்பத்துமூணு கார்த்திகையில மூணு நாள் விடாத மழை, கடலும் பொங்கி மேலேறிச்சி. மூணாம் நாள் மத்தியானம் கடல் பக்கத்துச் சுவரு அப்படியே சாஞ்சிது. கெங்காதான் மொதல்ல ஓடியாந்தா. இடுப்பளவு தண்ணியில எறங்கி என் கையைப் புடிச்சி இழுத்துகினு போனா. கொழுந்தன் என் பெட்டியையும் பானையையும் தலையில சொமந்தான். சாயங்காலத்துக்குள்ள மிச்ச சுவரும் உக்காந்துடுச்சி.

இப்போ அவங்க வூட்லதான் ஒரு ரூம்ல கீறோம். கெங்கா ஒரு வார்த்தை குத்திப் பேசல. பேசியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

நேத்து அப்பாவு வாசல்ல குந்திகினு கடலையே பார்த்துகினு இருந்தார். அலை ஓடி வருது, எங்க வூட்டு செங்கல் குவியல்ல மோதுது, அங்கியே திரும்பிப் போவுது.

"ஆர்பர்ல எங்க கல்லு செய்யற வேலையை இங்க உன் வூடு செய்யுது கன்னி. அது மட்டும் இல்லன்னா இவங்க வூடும் அன்னிக்கே அடிச்சிகினு பூட்டிருக்கும்"னார்.

நான் எழுந்து போய் கெங்கா வூட்டு சுவத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்கூட இல்ல.